மூக்கறுப்புப் போரிலிருந்து கொழுப்பு உறிஞ்சும் குழாய் வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படிக்காதீர்கள்.

போன மாதம் நம் ஆத்தூர் வீட்டுக்கு ஒரு பழைய மாணவி வந்திருந்தாள். இப்போது வெளியூரில் வேலை, இரண்டு பிள்ளைகள். காபி குடித்து முடிக்கும் வரை ஊர்க்கதை பேசினாள். பிறகு செல்போனை எடுத்து ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். "டீச்சர், வயித்துக் கொழுப்பை உறிஞ்சி எடுக்குறாங்களாம். ஒரே நாள்ல வீட்டுக்கு வந்துடலாமாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள பணம் கட்டினா முப்பதாயிரம் குறைவு. இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேன். வீட்ல யாருக்கும் தெரியாது."

"ஏம்மா, உனக்கு என்ன குறை?" என்று கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்விதான். அதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் என்னை உறுத்துகிறது.

"நீங்களே சொல்றீங்களா டீச்சர்? ஏழாம் வகுப்புல ஆண்டு விழா நாடகத்துல என்னைக் கும்பகர்ணனா போட்டீங்களே."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த நாடகம் எனக்கு நினைவிருந்தது. எல்லாரும் சிரித்ததும் நினைவிருந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குள் இத்தனை வருடம் தங்கியிருக்கும் என்று மட்டும் தெரியாமல் போனது.

நான் மருத்துவர் இல்லை, முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவள். அன்று அவளுக்கு நான் சொல்ல முடிந்ததும் வரலாறுதான். பெயர் போடாமல் எழுத அவள் சம்மதித்ததால், அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

*

கதை நம் மண்ணிலேயே தொடங்குகிறது. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், 1650களின் பிற்பகுதியில், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜரின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்தது. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை, மேலுதட்டோடு சேர்த்து அறுத்தார்கள். அறுத்த மூக்குகளை மூட்டை கட்டி மன்னருக்கு அனுப்பினார்கள். அப்போது இங்கே இருந்த ஏசு சபைப் பாதிரியார்களின் கடிதங்களில் இந்தச் செய்தி இருக்கிறது. நாயக்கர் நோயில் படுத்திருந்தார். ராமநாதபுரத்து ரகுநாத சேதுபதி படையோடு வந்து மதுரையைக் காத்தார். பின்வாங்கிய மைசூர்ப் படை திண்டுக்கல் பக்கம்தான் ஓடியது. அதன்பின் நாயக்கரின் தம்பி மைசூர் நாட்டுக்குள் புகுந்து, அங்கிருந்தவர்களின் மூக்கை அறுத்துப் பழிதீர்த்தார். வரலாற்றில் இதற்கு மூக்கறுப்புப் போர் என்று பெயர். "அவன் மூக்கறுபட்டான்" என்று இன்றும் பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அந்த அவமானம் நம் முன்னோரில் சிலருக்கு உடம்பிலேயே நடந்தது.

உயிரை எடுக்காமல் மூக்கை மட்டும் ஏன் எடுத்தார்கள்? பிழைத்தவன் ஒவ்வொரு நாளும் ஊர் முகத்தில் விழிக்க வேண்டும். அதுதான் தண்டனை. உருவத்தைக் கெடுத்தால் மனுசனை உயிரோடு கொல்லலாம் என்று அறுத்தவனுக்குத் தெரிந்திருந்தது.

அறுக்கிற கை இருந்த நாட்டிலேயே ஒட்டுகிற கையும் இருந்தது. சுஸ்ருதரின் நூலில் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கை உருவாக்கும் முறை இருக்கிறது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கில் ஒட்டும் முறையைப் பரம்பரை பரம்பரையாகச் செய்துவந்த குடும்பங்களும் இருந்தன.

இங்கேயும் ஒரு திண்டுக்கல் முடிச்சு உண்டு. 1790இல் ஆங்கிலேயர் நம் திண்டுக்கல் கோட்டையைத் திப்புவிடமிருந்து பிடித்தார்கள். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போனது. அதே போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டினார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துப் புனே பக்கத்தில் ஒருவர் அவருக்குப் புது மூக்கு செய்து வைத்தார். அந்தக் கைக்காரர் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்தவர். ஆங்கில மருத்துவர்கள் இருவர் நேரில் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையில் மூக்கு செய்தார். அதற்கும் முன்னால், இருபது வருடம் பிணங்களில் செய்து பார்த்துப் பழகியிருந்தார். இந்த "இருபது வருடம்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவேன்.

ஜெர்மனியில் 1818இல் கிரேஃப் என்பவர் மூக்கு அறுவை பற்றி எழுதிய நூலின் தலைப்பில் "பிளாஸ்டிக்" என்ற சொல் வந்தது. நாம் வாங்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிரேக்கத்தில் அதற்கு "வனைவது" என்று பொருள். குயவர் மண்ணை வனைவதுபோல் உடம்பை வனைவது. புனேயில் மூக்கு வனைந்தவரும் மண்ணோடு புழங்கிய குலம் என்பது எனக்குப் பிடித்த பொருத்தம்.

*

இதுவரை சொன்னது, கெட்டதைச் சரிசெய்த கதை. முதல் உலகப்போரில் முகம் சிதைந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு இங்கிலாந்தில் கில்லிஸ் என்பவர் முகம் செய்துகொடுத்ததும் இந்த வகைதான். போர் முடிந்தபின் அந்தக் கத்தி, கெடாத உடம்பின் பக்கமும் திரும்பியது.

1920களில் பாரிசில் ஓர் இளம்பெண். நோய் எதுவும் இல்லை. கால் கொஞ்சம் பருமன் என்று அவளுக்கு வருத்தம். டுஜாரியே என்ற அறுவை மருத்துவர், கருப்பை சுரண்டும் கருவியைக் கொண்டு காலில் இருந்த கொழுப்பைச் சுரண்டினார். காலில் ரத்த ஓட்டம் நின்று அழுகிப்போனது. கடைசியில் காலையே எடுக்க வேண்டிவந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஆரோக்கியமான உடம்பில் அழகுக்காகக் கத்தி வைக்கலாமா என்று பிரான்சு முழுக்க விவாதம் நடந்தது. அதற்குப்பின் பல வருடம் இந்தப் பக்கம் துணிந்து போகப் பலரும் தயங்கினார்கள்.

1970களின் நடுவில் ரோம் நகரில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும், சிறு துளை வழியாகக் குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சும் கருவியைச் செய்தார்கள். 1977இல் பாரிசில் இல்லூஸ் என்ற மருத்துவரிடம் முதுகில் கொழுப்புக்கட்டியோடு ஒரு பெண் வந்தார். பெரிய தழும்பு வேண்டாம் என்றார். இல்லூஸ் நுனி மழுங்கிய குழாயை விட்டு உறிஞ்சி எடுத்தார். கூரான கருவி ரத்தக்குழாயை வெட்டிவிடும். மழுங்கிய குழாய் அதைத் தள்ளிவிட்டுப் போகும். பாரிஸ் பெண்ணின் காலுக்கும் இல்லூஸின் வெற்றிக்கும் நடுவே இருந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

அப்போதும் ரத்தம் நிறையப் போனது. 1987இல் கலிபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் ஒரு வழி எழுதினார். உப்புநீரில், பல் பிடுங்கும்போது போடுகிறார்களே அந்த மரத்துப்போகும் மருந்தையும், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினையும் மிகக் குறைவாகக் கலந்து, தோலுக்கடியில் நிறையச் செலுத்தி, இடம் விம்மியபின் உறிஞ்சுவது. ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று உலகம் முழுக்க நடப்பது பெரும்பாலும் இதன் வழிவந்த முறைதான். ஆனால் அந்த மரத்துப்போகும் மருந்துக்கு உடல் எடையைப் பொறுத்து ஓர் அளவு உண்டு. மீறினால் இதயத்தைப் பிடிக்கும். கணக்குத் தெரிந்தவர் போட வேண்டும்.

எடுத்த கொழுப்பை இன்னோர் இடத்தில் வைப்பது இதைவிடப் பழைய யோசனை. 1893இல் ஜெர்மனியில் நாய்பர் என்பவர் கையிலிருந்து கொழுப்பை எடுத்து, முகத்தில் பள்ளம் விழுந்த தழும்பை நிரப்பினார். இரண்டே வருடத்தில் செர்னி என்பவர் ஒரு பெண்ணின் முதுகிலிருந்த கொழுப்புக்கட்டியை எடுத்து மார்பில் வைத்தார். 1990களில் அமெரிக்காவின் கோல்மன், கொழுப்பை மென்மையாக எடுத்து, சுத்தப்படுத்தி, துளித்துளியாகப் பரப்பி வைக்கும் முறையை ஒழுங்குசெய்தார். வயலில் நாற்று நடுகிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் கட்டுக்கட்டாக ஊன்றினால் அழுகும். பிரித்து நட்டால் வேர் பிடிக்கும். அப்படி நட்டாலும் எல்லா நாற்றும் பிடிக்காது. வைத்த கொழுப்பில் கணிசமான பங்கு சில மாதங்களில் கரைந்துவிடும். திரும்ப ஒருமுறை செய்ய வேண்டிவரலாம். இதை விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

*

இங்கே என் மாணவி குறுக்கிட்டாள். "டீச்சர், எனக்குச் சுகர் எல்லைல இருக்கு. கொழுப்பை எடுத்தா அதுவும் குறையும்னு சொன்னாங்களே?"

இதற்கு 2004இல் பதில் வந்துவிட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உடல் பருமன் கொண்ட 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்து, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்டிரால், இன்சுலின் வேலை செய்யும் விதம் எதிலும் முன்னேற்றம் இல்லை. காரணம் எளிது. குழாய் எடுப்பது தோலுக்கும் தசைக்கும் நடுவில் உள்ள கொழுப்பை. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் வினை வைப்பது குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே இருக்கும் கொழுப்பு. அங்கே குழாய் போகாது, போகவும் கூடாது. நம் உறவில் சில மாமாக்களுக்கு இருக்கிற, தட்டினால் கல் மாதிரி இருக்கும் தொந்தி பெரும்பாலும் இந்த உள்கொழுப்புதான். 2011இல் கொலராடோவில் நடந்த ஆய்வில், தொடையிலும் அடிவயிற்றிலும் எடுத்த கொழுப்பு ஒரு வருடத்துக்குள் மேல்வயிறு, தோள் என்று வேறு இடத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே இது உடல் மெலிய வைத்தியம் அன்று. எடை ஓரளவு நிலையாக இருப்பவருக்கு, எத்தனை நடந்தாலும் கரையாமல் ஓரிடத்தில் திரண்டிருக்கும் கொழுப்பை ஒழுங்குசெய்யும் வேலை. அந்த அளவுக்கு எதிர்பார்த்தவர்கள் பலர் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள். தேவையான இடத்தில் தகுதியானவர் செய்தால் நல்ல சிகிச்சை. தீக்காயத் தழும்பு, புற்றுநோய் அறுவைக்குப்பின் மார்பில் விழுந்த பள்ளம் போன்றவற்றைக் கொழுப்பு மாற்றால் சரிசெய்கிறார்கள். அது நாய்பர் தொடங்கிய பழைய நற்பணியின் தொடர்ச்சி. ஒரு செய்தி மட்டும்: மார்பில் கொழுப்பு வைத்துக்கொண்டவர்கள் பின்னாளில் மேமோகிராம் எடுக்கும்போது அதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டாகி, படத்தில் குழப்பம் தரும்.

ஆபத்து எவ்வளவு? 2000இல் அமெரிக்க மருத்துவர்களிடம் திரட்டிய கணக்கு ஒன்று வெளிவந்தது. ஏறத்தாழ 5 லட்சம் அறுவைகளில் 95 பேர் இறந்திருந்தார்கள். ஐயாயிரத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் காரணம், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது. பின்புறத்தில் கொழுப்பு ஏற்றும் அறுவை இன்னும் கொடியது. 2017இல் வந்த கணக்கில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒருவர். கொழுப்பைத் தசைக்குள் ஏற்றும்போது அங்குள்ள பெரிய ரத்தக்குழாய்க்குள் புகுந்து நேராக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய்விடுகிறது. அதற்குப்பின், தசையைத் தொடாமல் தோலுக்கடியில் மட்டும் வைக்க வேண்டும் என்று மருத்துவச் சங்கங்களே எச்சரித்தன.

தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் போய் உயிரிழந்தார். வயது 21. பெற்றோருக்குத் தெரியாமல் போயிருந்தார் என்று செய்திகளில் வந்தது. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வயிற்றுக் கொழுப்பை எடுத்துக்கொண்ட ஓர் இளம் தாய்க்குக் கிருமித் தொற்று பரவி, கையிலும் காலிலுமாக ஒன்பது விரல்களை எடுக்க வேண்டிவந்தது. பாரிசுக்கு நூறு வருடம் கழித்து, நம் பக்கத்து மாநிலத்தில்.

*

பாரிஸ் பெண்ணின் கதையைக் கேட்டதும் அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப பண்ணக்கூடாதுங்கறீங்களா?" என்றாள்.

"அதைச் சொல்ல நான் யாரு? உன் உடம்பு, உன் முடிவு. பாடம் கேட்ட பிள்ளை கேள்வி கேக்கணும், அவ்வளவுதான்" என்றேன். இருவரும் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதினோம். உங்களுக்கும் உதவும்.

1. அறுவை செய்பவர் யார்? பெயர் என்ன? பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவரா? தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பதிவைப் பார்க்கலாம். வீடியோ பார்த்தும் பயிலரங்கில் உட்கார்ந்தும் கற்றதெல்லாம் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கார்ப்யூவின் இருபது வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

2. மயக்க மருத்துவர் தனியாக இருப்பாரா? வெட்டுகிறவரே மயக்கமும் பார்த்துக்கொள்வார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

3. அந்த இடம் அரசிடம் மருத்துவ நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டதா? மூச்சு நின்றால் அங்கே என்ன வசதி? எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நிமிடத்தில் கொண்டுபோவார்கள்?

4. எத்தனை லிட்டர் எடுப்பார்கள்? 5 லிட்டருக்கு மேல் என்றால் அது பெரிய அறுவை. இரவு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். "அன்றே வீட்டுக்கு" என்பது அதற்குப் பொருந்தாது.

5. உங்கள் உடம்பைப் பற்றி அவர்கள் என்ன கேட்டார்கள்? சர்க்கரை, கருத்தடை மாத்திரை, ரத்தம் இளக்கும் மாத்திரை, புகை, குடும்பத்தில் ரத்தக்கட்டி வந்தவர்கள். இதெல்லாம் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்டால் அது கடை.

6. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படிக்கலாமா? என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று புரியும்படி சொன்ன பிறகு வாங்குவதே ஒப்புதல் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் நீட்டி "இங்க ஒரு கையெழுத்து" என்பது ஒப்புதல் ஆகாது.

7. ஏதாவது ஆனால் செலவு யாருடையது? அழகுக்காகச் செய்யும் அறுவைக்குக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது.

அதோடு ஒன்று. செய்துகொண்டவர்கள் வீட்டுக்கு வந்தபின் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு வலி ஏறிக்கொண்டே போனாலோ, மயக்கம் வந்தாலோ, "காலையில பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் ஒருவருக்காவது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு 108க்குப் போன் பண்ண ஒரு ஆள் வேண்டும்.

*

அவள் அந்த நோட்டோடு போனாள். இரண்டாவது கேள்விக்கு "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் மேடம்" என்று பதில் வந்ததாம். முதல் கேள்விக்கு "டாக்டர் அன்னைக்கு வருவார்." அட்வான்ஸ் பணம் திரும்பவில்லை. பிறகு மதுரையில் அரசு மருத்துவர் ஒருவரைப் பார்த்தாள். அவர் கையால் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இரண்டு பிரசவத்தில் வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கிறது, கொழுப்பை உறிஞ்சினால் அது சேராது, முதலில் சில மாதம் பயிற்சி செய்யுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், பிறகு பேசலாம் என்றாராம். நடுத்தெருவில் நிற்கும்போது போன் பண்ணிச் சொன்னாள். குரலில் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். அடுத்த வருடம் அவள் செய்துகொள்ளலாம், செய்யாமலும் விடலாம். எதுவானாலும் கேட்டுத் தெரிந்து செய்வாள். எனக்கு அது போதும்.

கடைசியாக உறவுகளுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டு விசேஷங்களில் ஒரு பெண் உள்ளே நுழைந்ததும் "என்னடி இப்படிப் பெருத்துட்டே?" என்று வரவேற்கிறோம். அக்கறை என்று நினைத்துக்கொண்டு சொல்கிறோம். அத்தைகளே, சித்திகளே, பெரியம்மாவாகிய நானும் சேர்த்துத்தான். கண்டீரவ நரசராஜரின் சிப்பாய் கத்தியை வைத்திருந்தான், நாம் நாக்கை வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை ஊர் திரும்பியதும் இருட்டில் செல்போனில் எதைத் தேடுகிறாள் என்று நமக்குத் தெரிவதில்லை.

நாடக மேடையில் உடம்பைப் பார்த்து வேடம் கொடுத்த பிள்ளைகள் இவள் ஒருத்தி மட்டும் அல்ல. குள்ளமாக இருந்தவனை, கறுப்பாக இருந்தவளை, ஒல்லியாக இருந்தவனை என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். சில பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. வராதவை இன்னும் இருக்கும். உங்களில் யாருக்காவது அப்படி ஒன்று தைத்திருந்தால் டீச்சரை மன்னித்துவிடுங்கள். திட்ட வேண்டும் என்றால் கீழே எழுதுங்கள். இன்பாக்ஸில் வந்து திட்டினாலும் சரி.

அணையில் தண்ணீர் இருக்கிறது, மலை பச்சையாக இருக்கிறது. ஊர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். யாரையும் எடை போட்டுப் பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்,
ஆத்தூர்.